பிரசங்கம் முடிவதற்குள்

“மூன்றாவதாக” என்று பிரசங்கியார் சொன்னதும் ஞானசிகாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த ஜெபநேசபுரம் கோயிலில் முப்பத்து மூன்று வருஷமாக எத்தனையோ பிரசங்கங்களின் மூன்றாவது தலைப்பை அவர் கேட்டாயிற்று. அப்போதெல்லாம் ஆர்கன் பெஞ்சில் சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, சட்டுபுட்டென்று முடியுமய்யா, வீட்டில் கறி ஆறிப்போகும் என்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருப்பார். இன்றைக்கு மட்டும் இந்த மனுஷன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, அதனால் சாலமோன் ஆலயம் கட்டின கதை. லீபனோனிலிருந்து கேதுரு மரம் வருகிறது, மிதவை கட்டிக் கடல்வழியாக வருகிறது. வரட்டும், இன்னும் நாலு மிதவை வரட்டும், காடு முழுக்க வெட்டட்டும், இங்கே யார் அவசரப்படுகிறார்கள். பிரசங்கம் முடிந்தால் ஜெபம். ஜெபம் முடிந்தால் கோயில் பாட்டு. கோயில் பாட்டின் முதல் சரணத்தை ஒரே ஒரு பெண்தான் நின்று பாட வேண்டும், சபை உட்கார்ந்து கேட்க வேண்டும், இரண்டாம் சரணத்தில்தான் எல்லாரும் எழுந்து சேர்ந்துகொள்வார்கள். இந்தக் கோயிலைக் கட்டின காலத்திலிருந்து அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தரம், இன்றைக்கு மட்டும். இருபத்தொன்பது வருஷமாக அந்த ஒரே பெண் வயலட்தான், அவர் சம்சாரம். அதோ பாடற்குழுவின் முன்வரிசையில், வெள்ளைச் சேலையில், கையை மடியில் கோத்துக்கொண்டு, அறுபத்திரண்டு வயதுக்கு முதுகு கொஞ்சமும் வளையாமல் உட்கார்ந்திருக்கிறாள். இன்னும் பத்து நிமிஷத்தில், போனால் பதினைந்து நிமிஷத்தில், அவள் குரல் இத்தனை பேர் முன்னால் உடையப்போகிறது. அது இந்தக் கோயிலில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். உடையாமல் தடுக்க முடிந்தவரும் அவர் ஒருவர்தான். அவரோ ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு, ஓய்வுபெற்ற பெரிய மனிதராக, பிரசங்கியார் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆர்கன் பெஞ்சில் இப்போது ஜெமிமா. இருபத்து மூன்று வயது, பிசியோதெரபி முடித்துவிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற பிள்ளை, இந்த ஊர்க் கோயில்குட்டியாரின் மகள், மணி அடிக்கிறவர் மகள். ஆர்கன் என்று எல்லாரும் பழக்கத்தில் சொல்கிறார்களே தவிர, மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன் கரையான் அரித்துப் போய்ப் பதினாலு வருஷமாயிற்று, இருப்பது கீபோர்டு. பிள்ளை நன்றாக வாசிக்கிறாள். அதுதான் சங்கடம். சுமாராக வாசித்திருந்தால் பக்கத்தில் நின்று, இதை இப்படிப் பிடி, அதை அப்படி விடு என்று சொல்லிக்கொண்டே நடுவில் அந்த ஒரு விஷயத்தையும் சொருகியிருக்கலாம். இவளுக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. காலையில் முதல் பாட்டுக்கு அவள் இடது கை போன போக்கைக் கேட்டதும் அவர் தம் இடது கையை மடியில் மறைத்துக்கொண்டார். சந்தோஷம் என்றே அதை வைத்துக்கொள்வோம். அவருடைய இடது கையில் கடைசி இரண்டு விரலும் சர்க்கரையால் மரத்துப் போய் ஒரு வருஷம். உயிர்த்தெழுந்த பண்டிகையன்று, சபை நிறைந்திருக்கும்போது, அந்த இரண்டு விரலும் இல்லாத இடத்தில் போய் விழுந்தன. வெளியே வரும்போது கமிட்டிச் செயலாளர் தோளில் கை வைத்து, “உடம்பப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றார். அந்தக் கை வைத்த தினுசே போதும். அவர்களாகக் கேட்குமுன் தானே கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார், ரோஷக்காரர். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாடற்குழுவை நிற்கவைத்துச் சுருதிப் புத்தகத்தை ஜெமிமா கையில் கொடுத்தார்கள், அதாவது அவர்தான் கொடுத்தார். எந்தப் பாட்டுக்கு எத்தனை கட்டை சுருதி என்று முதன்முதல் இருந்த ஆர்கனிஸ்டு கைப்பட எழுதிவைத்த நோட்டு அது. கோயில் பாட்டு, நாலு கட்டை. கருநீல மையில், இன்றைக்கும் அழியாமல். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாரும் கைதட்டினார்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்போல் இருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தால் அவருக்கு அதிகாரம் வந்துவிடும், அது பிறவிக் குணம், விரலை நீட்டிச் சொன்னார்: “இதுல உள்ளபடி வாசிக்கணும். ஒரு கட்ட கூட, ஒரு கட்ட கொறைய, எவன் சொன்னாலும் மாத்தாத. கேட்டியா?” “சரி சார்” என்றாள் பிள்ளை. சொன்னால் சொன்னபடி கேட்கிற பிள்ளை. நாலு கட்டை என்றால் நாலு கட்டையில்தான் வைப்பாள்.

நாலு கட்டையில் அந்தப் பாட்டைப் பன்னிரண்டு வருஷமாக யாரும் பாடவில்லை. பாடியதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வயலட்டுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி, ஆப்பரேஷன். டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, மேல் சத்தம் திரும்ப வராமலும் போகலாம், உங்கள் வீட்டில் பாடுவார்களா என்று கேட்டார். பாடுவார்களாவா. அவளைப் பெண் பார்க்கப் போனதே இல்லை அவர். அசன விருந்துக்கு அவள் ஊருக்குப் போன இடத்தில் கோயிலுக்கு வெளியே பந்தியில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தவர், உள்ளேயிருந்து வந்த குரலைக் கேட்டுவிட்டுப் பாதிச் சோற்றில் எழுந்து போய்ச் சன்னலில் எட்டிப்பார்த்தவர். ஆப்பரேஷனுக்குப் பிறகு மூன்று மாசம் காற்று மட்டும்தான் வந்தது அவள் வாயில். பால்காரனிடம் விரலைக் காட்டித்தான் கணக்குச் சொல்வாள். அப்புறம் பேச்சு வந்தது, கரகரப்புப் போயிற்று, பண்டிகையும் வந்துவிட்டது, நான் பாடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை ஒரு தரம் அமுக்கினால் சுருதி ஒரு படி இறங்கும், விரல் பழைய இடத்திலேயே விழும், பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. டெலிபோன் எக்சேஞ்சில் முப்பது வருஷம் வயர் மாற்றிச் சொருகின கைக்கு இது ஒரு வேலையா? நாலிலிருந்து மூன்று, ஒரே அமுக்கு, நடுவில் மூன்றரை என்று ஒன்று கிடையாது. அவள் பாடினாள், ‘உயரத்தில் உம் வாசல் திறந்திருக்க’ என்ற அடியில் குரல் மேலே போகும், போயிற்று, இழை அறாமல் போயிற்று. வீட்டுக்கு வந்து சேலை மாற்றாமலே அரிசி களைந்துகொண்டு, “பாத்தியளா, போயிரும் போயிரும்னு ஊருல பயங்காட்டுனாவ. எங்க போச்சி?” என்று சிரித்தாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். வயலட், கொஞ்சம் இறக்கித்தான் வைத்தேன் என்று, பேப்பர் படித்துக்கொண்டே சொல்வதுபோல் சொல்லியிருந்தால் அவள் ஒரு நிமிஷம் முகம் வாடியிருப்பாள், ஒரு நாள் பேசாமல் இருந்திருப்பாள், அதோடு போயிருக்கும். அவரோ, “ஒனக்கென்ன” என்றார். அந்த ஒரு வார்த்தை பன்னிரண்டு வருஷம் நீண்டுவிட்டது. மூன்றிலிருந்து இரண்டரைக்கு, மகன் துபாய் போன வருஷம். இரண்டரையிலிருந்து இரண்டுக்கு, இப்போது நாலு வருஷமாக. மற்றப் பாட்டுகளும் அதே கணக்கில் இறங்கின, அவற்றில் எட்டாவிட்டாலும் குழுவின் குரலுக்குள் ஒளிந்துகொள்ளலாம். ஒவ்வொரு ஞாயிறும் எல்லாரும் வருமுன் வந்து அமுக்குவார். எல்லாரும் போன பின் பழையபடி வைத்துவிட்டுப் போவார். நோட்டில் மட்டும் கை வைக்கவில்லை. வருஷா வருஷம் அதற்குப் பழுப்பு அட்டை போடுகிறவள் வயலட்.

“மூலைக்குத் தலைக்கல்லாகிய” என்று பிரசங்கியார் குரலை உயர்த்தினார், யாரோ தூக்கம் கலைந்து இருமினார்கள், பெண்கள் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது. அழட்டும். குரல் உடைந்தால்கூட அதோடு விட்டால் பரவாயில்லை. ஐம்பது வயதுக்கு மேல் யாருக்குத்தான் உடையாது, சபை மறந்துவிடும், அன்பான ஜனங்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறந்துவிடும். வயலட் மறக்க மாட்டாள். அவள் நூல் பிடித்துக்கொண்டே பின்னால் போவாள். போன வருஷம் எட்டிய சுருதி இந்த வருஷம் ஏன் எட்டவில்லை, ஆள் மாறினால் சுருதி மாறுமா, அப்படியானால் அந்த ஆள் என்ன செய்துகொண்டிருந்தார், எத்தனை வருஷமாக. இதோடு நிற்காது, மதுரைக்குப் போகும். எட்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அவள் அண்ணன் மகள் கல்யாணம். அத்தை பாடினால்தான் தாலி கட்டிக்கொள்வேன் என்று அந்தப் பிள்ளை அடம். அங்கே ஆர்கன் வாசிக்கப் போவது வேறு ஆள், வேறு சுருதி. அவர் அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, “வயலட்டுக்குக் காச்சல் மச்சான், கல்யாணத்துக்கு வந்துருவா, பாட்டுக்கு வேற ஆளச் சொல்லிருங்க” என்றார். போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து அவளிடம், “ஒங்க அண்ணன் பாட்டுக்கு வேற யாரையோ ஏற்பாடு பண்ணிட்டாவளாம்” என்றார். இரண்டும் ஒரே மூச்சில். அப்படிப் பொய் சொல்ல வரும் என்று அதுவரை அவருக்கே தெரியாது. அவள் கல்யாணத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். எட்டு மாசம் அண்ணனோடு பேச்சில்லை. பிறகு எப்படியோ சேர்ந்துகொண்டார்கள், எப்படிச் சேர்ந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை இல்லை. மாவட்டப் பெண்கள் கூடுகைக்கு இரண்டு தரம் அழைப்பு வந்தது. தேதி தாண்டிவிட்டது என்று ஒரு தரம், வெயில் அதிகம் என்று ஒரு தரம். கடைசியில் அவள் குரலை இந்தக் கோயிலுக்கு வெளியே ஒரு அடி வைக்க விடவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் ஒவ்வொரு தரமும் நினைத்தார். கூண்டில் வைத்தவன் எல்லாம் அப்படித்தானே நினைப்பான். சீ, கோயிலில் உட்கார்ந்துகொண்டு என்ன யோசனை இது. இல்லை, கோயிலில் யோசிக்காமல் வேறெங்கே. வீட்டில் அவள் தோசை சுடும்போது முனகுவாள், அவர் அறையில் இருந்தபடியே காதால் அளப்பார்: இரண்டு கட்டை. எப்போதும் இரண்டு கட்டை. நல்லவேளை, அவளுக்குப் பழகிவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை என்று மூச்சு விடுவார்.

வாரம் முழுக்கச் சந்தர்ப்பம் இருந்தது. புதன்கிழமை ஜெமிமாவுக்குப் போன் போட்டார். “சொல்லுங்க சார்” என்றாள் பஸ் இரைச்சலில். அவர், “ஒண்ணுமில்ல, அந்த பேன் காத்துல நோட்டு பறக்கும், கல்லு ஒண்ணு வச்சிக்கோ” என்றார். கல்லு! மரமண்டை. நோட்டில் உள்ளது பொய், நான் பன்னிரண்டு வருஷம் எல்லாரையும் ஏமாற்றினேன் என்று, விரலை நீட்டி அதிகாரம் பண்ணின மூன்றாம் நாளே, அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அவள் கேட்பாள்: அப்போ ஆன்ட்டிக்குத் தெரியுமா சார்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் கல்லைச் சொன்னார். சனிக்கிழமை ஒத்திகை, அதற்கு அவர் போகவில்லை, போகக் கூடாது என்று கௌரவம். கோயில் பாட்டை ஒத்திகை பார்ப்பதும் இந்த ஊரில் வழக்கம் கிடையாது, வருஷத்துக்கு ஒரு தரம் நேரே பாடினால்தான் அது காணிக்கை என்பார்கள். இன்று காலை, ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். யாரும் இருக்க மாட்டார்கள், மூன்று தரம் அமுக்கிவிட்டு ஒன்றும் தெரியாதவராக வந்து உட்கார்ந்துவிடலாம் என்று, அறுபத்தாறு வயதில் திருடன் மாதிரி பக்கத்து வாசல் வழியாக நுழைந்தார். ஜெமிமா ஏற்கெனவே பெஞ்சில் இருந்தாள், தலை ஈரம்கூடக் காயவில்லை. படக்கென்று எழுந்து நின்றாள். “சார், வாங்க சார். பயமா இருக்கு சார்.” நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சொல்லியிருக்கலாம், அந்த நொடியில் சொல்வதைப்போல் லேசான காரியம் உலகத்தில் இல்லை. அவள் பயத்தைப் பார்த்ததும் அவருக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்துபோயிற்று. அசிங்கமான குளிர்ச்சி, அதை இப்போது ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சரி, இவளுக்கும் பயம் உண்டு, நான் இல்லாமல் இவளுக்கும் கஷ்டம்தான் என்று. “தைரியமா வாசி, நோட்டப் பாத்து வாசி” என்று தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். நோட்டைப் பார்த்து! இரண்டாவது தரமும் அதையே சொன்னார்.

கரண்டு போனால் போதும். கரண்டு போனால் கீபோர்டு வாயடைத்துவிடும், வயலட் சுருதி இல்லாமல் தன் குரலுக்கு வாட்டமாக எடுத்துக்கொள்வாள், அவள் எடுத்தால் இரண்டு கட்டையில்தான் வரும். ஆண்டவரே, ஒரு பத்து நிமிஷம் கரண்டை எடுத்துக்கொள்ளும். இப்படி ஒரு ஜெபத்தை இந்தச் சுவர்கள் கேட்டிருக்காது. கேட்டாலும் பலனில்லை, போன வருஷம்தான் இன்வெர்ட்டர் வாங்கினார்கள், நல்லதாகப் பார்த்து வாங்கும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்தார்கள், ஆராதனை நடுவில் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது என்று அலைந்து திரிந்து வாங்கி மாட்டியவர் அவரேதான். சீட்டு எழுதி அனுப்பலாம். பையில் பேனா இல்லை, முப்பத்து மூன்று வருஷம் பென்சில் ஆர்கன் மேல் இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் செல்லத்துரை, பேனா வைத்திருக்கிறவர்தான். ஆனால் அவரிடம் வாங்கி எழுதி, அதை அந்தப் பக்கம் கைமாற்றி, இடையில் ஏழு பேர் பிரித்துப் படித்து, ஜெமிமா கைக்குப் போகுமுன் வயலட் கைக்குப் போய்விடும். நேரே எழுந்து போனால் என்ன? எண்ணிப் பார்த்தார், இருபது அடி இருக்கும், நடுப்பாதையைத் தாண்டி, பீடத்துக்கு முன்னால், எல்லார் கண்ணுக்கும் முன்னால். புதுப் பிள்ளை வாசிக்கிற முதல் நாளிலேயே கிழவர் போய்க் கீபோர்டில் கை வைக்கிறார். இடத்தை விட மனசு வரவில்லை பார் என்பார்கள். அந்தப் பிள்ளை முகம் சுருங்கிவிடும், அவள் அப்பா மணிக்கயிற்றுப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், மகள் வாசிக்கிறதைப் பார்க்கப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு. ஒன்று அந்தப் பிள்ளையை அவமானப்படுத்த வேண்டும், அல்லது வயலட்டை. “கடைசியாக” என்றார் பிரசங்கியார். நல்லவேளை, கடைசியாக என்று சொல்லிவிட்டு இந்த மனுஷன் இரண்டாம் தரம் ஆரம்பிக்கிற ரகம். தூண்களுக்கு வந்திருக்கிறார், இரண்டு வெண்கலத் தூண், அவற்றின் உயரம், சுற்றளவு. வயலட் தண்ணீர் குடித்தாள். ஒரு மடக்கு, தொண்டையை நனைக்க மட்டும். இருபத்தொன்பது வருஷமும் இதே நேரத்தில் இதே மாதிரிதான் குடித்திருப்பாள், முதுகு காட்டி உட்கார்ந்தவர் பார்த்ததில்லை. மூடியைத் திருகும் அவள் விரலைப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது. எவ்வளவு நம்பிக்கையாகத் திருகுகிறாள்.

“ஜெபிப்போம்” என்ற சத்தத்தில் கோயில் முழுக்கத் தலை குனிந்தது, கண்கள் மூடின. அப்போதுதான் உறைத்தது: ஜெபம்! முந்நூறு பேரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். ஜெமிமாவும் மூடியிருப்பாள், வயலட்டும். பெரிய பிரசங்கம் பண்ணினவர் ஜெபத்தையும் பெரிதாகத்தான் பண்ணுவார், ஆளுநர்கள், ஆயர்கள், விவசாயம், மழை, எல்லாம் இருக்கிறது. ஞானசிகாமணி எழுந்தார். முழங்கால் சடக்கென்றது. செல்லத்துரையின் காலைத் தாண்டினார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெறுங்காலில், தரை சில்லென்று, நடுப்பாதையில் ஒரு அடி, இரண்டு அடி. இருபது அடி, மூன்று அமுக்கு, திரும்ப இருபது அடி, எக்சேஞ்சு தீப்பற்றின அன்றுகூட அவர் இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டதில்லை. ஐந்து, ஆறு. ஒரு சின்னப் பெண் மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தது. உதட்டில் விரல் வைத்தார், கடவுளே என்னை மன்னியும் என்று சொல்லிக்கொண்டு. எட்டு, ஒன்பது. கீபோர்டின் சிவப்பு விளக்கு தெரிந்தது, பொத்தான் தெரிந்தது. பத்தாவது அடியில் பிரசங்கியார், தன் வாழ்நாளில் முதல் முறையாக இருக்கும், “ஆமென்” என்று சுருக்கமாக முடித்துவிட்டார்.

முந்நூறு பேரும் கண்ணைத் திறந்தார்கள். நட்டநடுப்பாதையில் ஞானசிகாமணி நின்றுகொண்டிருந்தார், வேட்டி நுனி கையில். பின்னால் யாரோ, “அண்ணாச்சிக்கு மயக்கம் வருதா?” என்று கிசுகிசுத்தார்கள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. வயலட் எழுந்து மைக்குக்கு வந்தவள், அவரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவர் முகத்திலிருந்து கீபோர்டுக்குக் கண் போயிற்று, திரும்ப அவர் முகத்துக்கு வந்தது. ஜெமிமா நோட்டைப் பார்த்து வாசித்தாள். நாலு கட்டை. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பாட்டு அதன் சொந்த உயரத்தில், கண்ணாடி சன்னலில் பட்டுத் திரும்பியது. அழகாக இருந்தது, அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது. முன்னிசை முடிந்தது. வயலட் பாடவில்லை. ஜெமிமா, ஆன்ட்டி தவறவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து, மறுபடி எடுத்தாள். வயலட் கையைத் தூக்கினாள்.

“ஜெமிமா, ரெண்டு கட்டைக்கு எறக்கு மக்கா.”

மைக்கில்தான் சொன்னாள். கடைசி பெஞ்சு வரை கேட்டது. ஜெமிமா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “நோட்டுல நாலுன்னு இருக்கு ஆன்ட்டி…”

“நோட்டுல அப்படித்தான் கெடக்கும். எனக்கு நாலு எட்டாது. ஆப்பரேசன் பண்ணதுல இருந்தே எட்டல.”

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. ஜெமிமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எவன் சொன்னாலும் மாற்றாதே என்று சொன்னவர் நடுப்பாதையில் நிற்கிறார், மாற்றுவதைத் தடுக்கவே வந்து நிற்கிறாரோ என்னவோ. அந்தப் பிள்ளை பெஞ்சில் பாதி திரும்பி, கண் கலங்க, அவரைப் பார்த்தது. முந்நூறு பேரும் அவரைப் பார்த்தார்கள். தலையாட்ட நினைத்தார். வேட்டி நுனியைத்தான் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

“அவியளப் பாக்காத மக்கா” என்றாள் வயலட். “என்னயப் பாரு.”

ஜெமிமா அவளைப் பார்த்தாள். பிறகு பொத்தானை அமுக்கினாள், ஒன்று, இரண்டு, மூன்று, அவரும் கூடவே எண்ணினார். முன்னிசை இரண்டு கட்டையில் வந்தது. வயலட் பாடினாள். ‘உயரத்தில் உம் வாசல் திறந்திருக்க’ வந்தபோது அவர் பழக்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தேவையே இல்லை, அது எந்தக் கஷ்டமும் இல்லாமல் மேலே போய் நின்றது. பன்னிரண்டு வருஷம் மறைத்து மறைத்து அவர் கொடுத்ததை, குழம்புக்கு உப்பு கேட்கிற குரலில், ஊர் முன்னால் கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியதுபோலவும் இருந்தது, எது முதலில் என்று தெரியவில்லை. தோசைக்கல் முன்னால் நின்று இரண்டு கட்டையில் முனகினாளே, நாலு வருஷமாக, தெரிந்தே, அவருக்குக் கேட்கும்படி. அப்படியானால் மதுரை? அதுவும் தெரியுமா? அண்ணன் அந்தப் போனைப் பற்றிச் சொல்லித்தான் சேர்ந்துகொண்டார்களா? தெரிந்தும் ஒரு வார்த்தை கேட்காமல் சோறு போட்டாளா இத்தனை நாளும்? இன்றைக்கே கேட்க வேண்டும். கேட்கக் கூடாது, சொல்ல வேண்டும், அவர்தான் முதலில் சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போனதும், இலையில் உட்காருமுன்.

இரண்டாம் சரணத்துக்குச் சபை எழுந்து நின்றது. எல்லாரும் நின்றதால் அவர் நிற்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று. சேர்ந்து பாட வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. முதல் சரணம் வயலட் வாயால் கேட்டுக் கேட்டுப் பாடமானது. இதற்கு மேல், முப்பத்து மூன்று வருஷம் வாசித்த, ஒரு தரமும் வாயால் பாடாத பாட்டில், அவருக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. பாதை ஓரத்தில் நின்ற யாரோ ஒருவர் தம் பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தி, இந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டினார். ஞானசிகாமணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் பாடத் தொடங்கினார்.